சமூக ஊடகமும் நம்மூர்த் தொழிலும்: சில அனுபவங்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் அவர் சீனி வருத்தத்தைப் பற்றியோ பிரஷரைப் பற்றியோதான் பேசுவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். சங்கத்தினர் எங்களிடம் கேட்டதோ வேறு. பாடகர்களுக்கும் சிறு தொழில் செய்வோருக்கும் சமூக ஊடகப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலையைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைத்தியர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதை இலங்கை மருத்துவ சபையின் ஒழுக்க விதிகள் அனுமதிப்பதில்லை. தனக்கு விளம்பரம் செய்யக்கூடாதவர் ஊருக்கு விளம்பரம் செய்யப் போன கதை இது.

பேச்சு முழுவதும் "நாங்கள்" என்றே சொல்லப்போகிறோம். ஒரே வகுப்பில் படித்த ஐந்து பேர் சேர்ந்து செய்த வேலை இது. ஒருவர் வங்கியில் இருக்கிறார், இருவர் ஆசிரியைகள், ஒருவர் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துப் பழகியவர். பேசுவதற்கு மட்டும் ஐந்தாவது ஆளை மேடைக்கு அனுப்பிவிட்டு நால்வரும் கீழே வசதியாக அமர்ந்திருக்கிறார்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது நினைவிருக்கும். கண்டி வாவிக் கரையிலிருந்து அம்பிட்டிய வீதியில் ஏறும் பஸ்கள் நின்றுவிட்டன. அம்பிட்டியவில் எங்கள் தோழியின் பக்கத்து வீட்டு அக்கா ஊறுகாயும் அச்சாறும் போட்டு நகரத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். கடைகள் மூடியதும் நாற்பது போத்தல் அச்சாறு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதே ஒழுங்கையில் தவில் வாசிக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அந்தப் பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. முற்பணம் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

தோழி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டாள்: "அச்சாறு யாருக்காவது வேணுமா?" இரண்டு நாளில் நாற்பது போத்தலும் முடிந்தது. அடுத்த வாரம் அந்த அக்காவே, "பிள்ளைகளே, எனக்கும் ஒரு முகநூல் பக்கம் செஞ்சு தாங்களேன்" என்று கேட்டார். எங்கள் வேலை அங்கேதான் தொடங்கியது.

ஆனால் இது புதிய வேலை என்று நாங்கள் நினைத்தது தவறு. மலையகத்தில் இதற்கு நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. தோட்டத் தொழிலாளரின் கூட்டங்களில் அவர் பாடுவார், பாட்டுக்குச் சனம் கூடும், அதன் பிறகே பேச்சு நடக்கும். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டுகளிலேயே சொற்களைக் கட்டினார். பாடியதோடு விடாமல் அச்சிட்டும் கொடுத்தார். "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற அவருடைய பாட்டுப் பிரசுரம் 1940இல் வெளிவந்தது. மடித்து மடியில் வைத்துக்கொண்டு லயத்துக்குக் கொண்டுபோகலாம், தெரிந்த மெட்டில் படித்துப் பாடலாம். இன்று கையடக்கத் தொலைபேசி செய்கிற வேலையை அன்று அந்தத் தாள் செய்தது.

அதற்குப் பிறகு ஒரு பாட்டு வெளியே வர வேண்டுமென்றால் வானொலி நிலையத்தின் வாசலையோ இசைத்தட்டுக் கம்பனியின் வாசலையோ தாண்ட வேண்டியிருந்தது. அந்த வாசல் எவ்வளவு அகலமாகிவிட்டது என்பதை 2021இல் எல்லோரும் பார்த்தோம். சதீஷன் ரத்நாயக்க, டுலான் ஏஆர்எக்ஸ் ஆகியோர் 2020இல் வெளியிட்டிருந்த "மெனிகே மகே ஹிதே" பாடலை, 2021 மே மாதத்தில் யொஹானியும் சதீஷனும் மறுபடி பாடி யூடியூப்பில் ஏற்றினார்கள். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத இந்தியர்களும் முணுமுணுத்தார்கள். 10 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. எங்களுக்கு அதில் பிடித்த விடயம் ஒன்று உண்டு. முதலில் எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று தேடியவர்களுக்கு அந்தப் பெயர்களும் கிடைத்தன. அன்றிலிருந்து எந்தப் பாட்டை ஏற்றினாலும் எழுதியவர், மெட்டமைத்தவர், தவில், தாளம், ஒலிப்பதிவு எல்லோருடைய பெயரையும் கீழே எழுதுவது எங்களுக்கு விதியாகிவிட்டது. தவில் அண்ணன் முப்பது வருடமாக வாசிக்கிறார். தன் பெயரை எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை என்றார்.

இனி, பக்கம் அமைப்பதில் நாங்கள் கற்றதைச் சொல்கிறோம். தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, எழுத்து. அச்சகத்தில் வேலை பார்த்த எங்கள் தோழி பாமினி எழுத்துருவில் பழகியவர். இலங்கையில் திருமண அழைப்பிதழிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாம் பாமினிதான். அதை அப்படியே முகநூலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வரும். அதனால் முதல் பக்கத்தில் எல்லாச் சொற்களையும் படமாக மாற்றிப் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் "கண்டி அச்சாறு" என்று ஒருவர் தேடினால் எங்கள் பக்கம் வராது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இப்போது படத்தில் நாலு சொல்லுக்கு மேல் வைப்பதில்லை. மற்றதெல்லாம் யுனிகோட் தமிழில் படத்துக்குக் கீழே வரும்.

இன்ஸ்டகிராமில் அறிமுகத்துக்கு 150 எழுத்துகள்தான் இடம். தமிழுக்கு அது இன்னும் குறைவு. அம்பிட்டிய என்ற பெயர் நமக்கு ஆறு எழுத்து. மெய்யின் புள்ளியையும் விசிறியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது பத்து. ஆகவே "தரமான, சுவையான, நம்பிக்கையான" என்று அடுக்க அங்கே இடமில்லை. என்ன பொருள், எந்த ஊர், எப்படி வாங்குவது என்ற மூன்றையும் எழுதினால் போதும். பெயரை மூன்று மொழியிலும் எழுதுங்கள். கண்டியில் அச்சாறு வாங்குபவர்களில் பாதிப்பேர் சிங்களத்தில்தான் தேடுவார்கள்.

இரண்டாவது, படம். நல்ல கமரா தேவையில்லை. காலை வெளிச்சம் வரும் யன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் போத்தலை வைத்து எடுங்கள். பின்னால் சுவர்க் கலண்டரும் காயப்போட்ட உடுப்பும் தெரியக்கூடாது. இணையத்தில் கிடைக்கும் அழகான அச்சாறுப் படத்தை எடுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் கையில் வருவது உங்கள் போத்தல்தானே. முகப்புப் படம் கணினியில் ஒரு விதமாகவும் தொலைபேசியில் வேறு விதமாகவும் வெட்டுப்படும். முக்கியமான சொல்லை நடுவில் வையுங்கள்.

மூன்றாவது, விலை. "விலைக்கு இன்பொக்ஸ்" என்று எழுதுவது நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். விலை போட்டால் எதிரி பார்த்துவிடுவான் என்று பயம். எதிரி எப்படியும் பார்ப்பான், வாங்க வந்தவர்தான் போய்விடுவார். 2022இல் சீனி, எண்ணெய், தூள் வகைகள் எல்லாம் வாரத்துக்கு வாரம் ஏறியபோது, "இன்றைய விலை, இன்ன திகதி வரை" என்று திகதி போட்டு எழுதச் சொன்னோம். ஏறிய விலையைக் கண்டு யாரும் கோபிக்கவில்லை.

நான்காவது, பாடுபவர்களுக்கு. சினிமாப் பாட்டைப் பாடி ஏற்றினால் அதை யூடியூப் அடையாளம் கண்டுவிடும். வருமானம் வந்தாலும் அது பாட்டின் உரிமைக்காரருக்கே போகக்கூடும். சொந்தப் பாட்டாக இருந்தாலும் 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். கோயில் வாத்தியக் குழுவுக்கோ ஒரு பாடகிக்கோ அது தூரத்துப் பணம். அவர்களுக்கு வேண்டியது அடுத்த தையில் ஒரு கல்யாணம். ஆகவே தவில் அண்ணனுக்கு நாங்கள் ஏற்றியவை மூன்றே மூன்று சின்னக் காணொளிகள்: மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டும்போது வாசிக்கும் கெட்டிமேளம், ஒரு தனி ஆவர்த்தனத்தின் இரண்டு நிமிடம். கீழே, குழுவில் எத்தனை பேர், எந்த ஊர்வரை வருவார்கள், பேச வேண்டிய இலக்கம். கல்யாண வீட்டார் கேட்கும் கேள்விகள் அவைதான். ஊரடங்கு தளர்ந்த பிறகு அவருக்கு வந்த முதல் அழைப்பு ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது.

பிள்ளைகள் பாடும் காணொளி என்றால் ஒரு சொல். 2023இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் புசல்லாவையின் அசானியும் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் பாடினார்கள், கில்மிஷா பட்டமும் வென்றார். நம் மக்கள் மலைநாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்த வருடம் அது. எத்தனை வீடுகளில் கண் கலங்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பெற்றோர் பலர் தங்கள் பிள்ளையின் பாட்டையும் ஏற்றித் தரும்படி கேட்டு வந்தார்கள். ஏற்றினோம். ஆனால் பாடசாலைச் சீருடை, பாடசாலைப் பெயர், வீட்டு விலாசம் எதுவும் தெரியாமல், தாய் அல்லது தந்தையின் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும். சத்திரசிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்கிப் பழகிய கை, அதனால் கூச்சப்படாமல் கேட்டோம்.

இதுவரை சொன்னது எங்கள் கெட்டித்தனம். இனிச் சொல்வது எங்கள் தவறு. அழைப்பு வந்தபோது இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஐந்து பேரும் ஒரு மாலை முழுவதும் பேசினோம். சொல்வதாக இருந்தால் மட்டும் வருகிறோம் என்று முடிவெடுத்தோம்.

வேலை தொடங்கி ஒன்றரை வருடம் இருக்கும். மூலிகைத் தூள் அரைத்து விற்கும் ஒரு அம்மாவுக்குப் பக்கம் அமைத்தோம். மல்லி, வெந்தயம், கறிவேப்பிலை, நெல்லி எல்லாம் காயவைத்துச் சுத்தமாக அரைப்பவர். படங்கள் நன்றாக வந்தன. பக்கம் ஓடத் தொடங்கிய பிறகு, வாங்கிய யாரோ சொன்னதை வைத்து, "சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைக் குடித்தால் குளிசை தேவையில்லை" என்று ஒரு வரியை அதில் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. தான் கேட்டதை நம்பியவர். எங்களில் ஒருவர் அதிகம் யோசிக்காமல் அழகான எழுத்தில் அதைப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பதிவின் கீழே, வைத்தியராக இருப்பவர், அதாவது உங்கள் முன்னால் இப்போது நிற்பவர், கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு இடையில் தொலைபேசியைத் திறந்து, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நல்ல முயற்சி, வாழ்த்துகள்" என்று எழுதினார். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு தாய் காலில் புண்ணோடு எங்கள் கிளினிக்கிற்கு வந்தார். இரத்தத்தில் சீனியின் அளவு நானூறுக்கு மேல். குளிசையை நிறுத்தி ஆறு வாரம் என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் மகளுடைய தொலைபேசியை வாங்கித் திறந்து காட்டினார். "டொக்டரம்மா, நீங்களே நல்லதுன்னு போட்டிருக்கீங்களே."

அந்தத் தாயின் கால் தப்பியது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றும் கிளினிக்கிற்கு வருகிறார், வரும்போதெல்லாம் நாங்கள் முதலில் பார்ப்பது அவர் செருப்பைத்தான்.

அன்றிரவே அந்த வரியை நீக்கினோம். பிழையைச் சொல்லி, குளிசையை நிறுத்தியவர்கள் உடனே வைத்தியரைக் காணுமாறு அதே பக்கத்தில் எழுதினோம். தூள் அரைக்கும் அம்மாவை நேரில் போய்ச் சந்தித்தோம். சண்டை பிடிப்பார் என்று நினைத்துப் போனோம். அவர் அழுதார். "ஐயோ பிள்ளைகளே, நீங்க படிச்சவங்க, வேணாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே" என்றார். அந்தப் பேச்சுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் இன்றும் தூள் விற்கிறார். பக்கத்தில் இப்போது இருப்பது, என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது அரைத்தது, எத்தனை நாள் இருக்கும் என்பவை மட்டும். முன்பைவிடக் குறைவாகத்தான் போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதிலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு விதி பிறந்தது. எந்தப் பக்கமும் வெளியே போகுமுன், அதைச் செய்யாத ஒருவர் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, "இது உண்மையா? இதை நம்பி ஒருவர் என்ன செய்வார்?" என்று கேட்க வேண்டும். ஊசி போடுமுன் மருந்தின் பெயரை இருவர் வாசித்துப் பார்ப்பது போலத்தான். தோல் வெள்ளையாகும் கிறீம் விற்பவர்கள் வந்தால் இப்போது பக்கம் செய்வதில்லை. அப்படியான சில கிறீம்களில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உட்காரவைத்துச் சொல்லி அனுப்புகிறோம்.

இன்னொரு விடயம், பக்கம் யாருடையது என்பது. பிளவுஸ் தைக்கும் ஒரு சகோதரிக்கு, எங்களிடம் வருமுன்பே, உறவுக்காரத் தம்பி ஒருவர் தன் தொலைபேசியில் பக்கம் திறந்து கொடுத்திருந்தார். தம்பி கட்டாருக்குப் போனார், இலக்கம் மாறியது, கடவுச்சொல்லும் மறந்துபோயிற்று. மூன்று வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், பேச முடியவில்லை. ஆகவே பக்கத்தை எப்போதும் தொழில் செய்பவரின் சொந்த இலக்கத்தில் திறவுங்கள். நம்பிக்கையான இரண்டாமவர் ஒருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். கையொப்பமிடவும் கூச்சப்படுகிற ஒரு தாய்க்குக் கடவுச்சொல்லைத் தானே மாற்றக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது. நாங்களே செய்திருந்தால் மூன்று நிமிடம். ஆனால் அந்த மூன்று சனிக்கிழமைதான் எங்கள் உண்மையான வேலை என்று இப்போது நினைக்கிறோம்.

கண்டியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம் சகோதரர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றியதில் முகநூலில் பரவிய பேச்சுகளுக்கும் பங்கு இருந்தது. அதைத் தடுக்கத் தவறியதற்காக அந்த நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்பும் கேட்டது. அந்த மார்ச்சில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது, முகநூல் ஒரு வாரத்துக்கு மேல் வரவில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சில மணிநேரம் நின்றது. நாங்கள் பக்கம் செய்து கொடுக்கும் இடம், எரிந்த கடைக்காரரைப் பற்றிப் பொய் பரவிய அதே இடம்தான். இதை மறந்து இந்த வேலையைச் செய்யக்கூடாது. கூடவே, ஒரு நாள் காலையில் பக்கம் திறக்காமல் போகலாம். வாங்குகிறவர்களின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வையுங்கள். பக்கம் வாடகை வீடு. கொப்பி சொந்த வீடு.

அன்புச் சகோதரிகளே, நாங்கள் இங்கே படித்தபோது கட்டுரைப் பாடத்தில் ஒரு ஆசிரியை, "எழுதினதை வாசிக்கிறவள் நம்புவாள், அதனால பார்த்து எழுது" என்பார். அன்று அது புள்ளி குறைப்பதற்கான காரணம் என்றே எடுத்துக்கொண்டோம். அது கட்டுரைக்கு மட்டும் சொன்னதல்ல என்று விளங்க எங்களுக்கு இருபத்தைந்து வருடமும் ஒரு தாயின் இரண்டு விரல்களும் தேவைப்பட்டன.

இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தைத் திறந்து தாருங்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கைகள் வரட்டும், அவர்களுக்குத் தொலைபேசி எங்களைவிட நன்றாகத் தெரியும். அச்சாறு போடுகிறவர்களும், தைக்கிறவர்களும், பாடுகிறவர்களும், வாசிக்கிறவர்களும் வரட்டும். அவர்கள் பக்கத்தை அவர்களே திறக்கட்டும். வாசித்துப் பார்க்க நாங்கள் ஐந்து பேரும் வருகிறோம். ஒவ்வொரு வரியையும் சத்தமாக.